கரை ஏறும் தாயும் காவல் நிற்கும் தொண்டரும்

நல்ல காரியம் ஒன்றைத் தொடங்குவது எளிது; விடாமல் நடத்திச் செல்வதே அரிது. மரம் நடு விழா என்றால் முதல் நாள் ஐம்பது பேர் கூடுவர். நட்ட கன்றுக்குக் கோடையில் நீர் ஊற்ற ஐவர் வருவதே அதிகம். தெருவைத் துப்புரவு செய்யும் முகாமாயினும், முதியோர் இல்லத்திற்குச் செல்லும் ஞாயிற்றுக்கிழமைப் பணியாயினும் நிலைமை இதுதான். தொண்டு செய்யும் மனம் நம்மிடம் இல்லாமலில்லை. செய்த வேலையின் பலன் உடனே கண்ணில் படாதபோது அந்த மனம் சோர்ந்துவிடுகிறது.

அப்படியானால், பலன் தெரிய இருபத்தைந்து ஆண்டுகள் ஆகும் என்று முதலிலேயே தெரிந்த ஒரு தொண்டை யாரேனும் ஏற்பார்களா? ஏற்றிருக்கிறார்கள், தோழியரே! கிரேக்க நாட்டுத் தீவுகளில் கடலாமைகளுக்குக் காவல் நிற்கும் தொண்டர்களே அவர்கள். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அப்பணி அறுபடாமல் நடந்து வருகிறது. அது எவ்வாறு இயன்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீவும் அதன் விருந்தாளியும்

கிரேக்க நாட்டைச் சூழ்ந்த கடல்களில் தீவுகளும் திட்டுகளுமாக ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் மக்கள் குடியிருப்பவை இருநூற்றுச் சொச்சமே. மேற்கே அயோனியன் கடலில் இருக்கும் ஸாக்கிந்தோஸ் அவற்றுள் ஒன்று. பரப்பு ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை சுமார் 40,000. ஒலிவ மரங்களும் திராட்சைத் தோட்டங்களும் நிறைந்த பசுமையான தீவு.

1953ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஏற்பட்ட பூகம்பம் அத்தீவின் தலைநகரை ஏறத்தாழ முழுவதும் தரைமட்டமாக்கியது. பலர் பிழைப்புத் தேடி வெளியூர்களுக்குச் சென்றனர். எஞ்சியோர் மீண்டும் வீடு கட்டி எழுந்தபோது, வருமானத்திற்குப் புதிய வழியாக வந்தது சுற்றுலா. தீவின் தெற்கே லாகனாஸ் என்னும் வளைகுடா உள்ளது. மெல்லிய மணல், ஆழமில்லாத வெதுவெதுப்பான நீர், அருகிலேயே விமான நிலையம். வடநாட்டுக் குளிருக்கு அஞ்சிய ஐரோப்பியப் பயணிகள் அங்கே திரளாக வரத் தொடங்கினர். கடற்கரையில் ஒரு துண்டு நிலம் வைத்திருந்தவர்களுக்கும் நல்ல காலம் பிறந்தது.

ஆனால் பயணிகளுக்கு நெடுங்காலம் முன்பே அந்த மணலைத் தேடி வந்த விருந்தாளி ஒன்று உண்டு. அது பெருந்தலை ஆமை. விஞ்ஞானிகள் அதனைக் கரெட்டா கரெட்டா என்பர். அவ்வளைகுடாவில் மொத்தம் சுமார் ஐந்தரை கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு மணற்கரைகளில் அது முட்டையிடுகிறது. மத்தியதரைக் கடல் முழுவதிலும் இவ்வினம் முட்டையிடும் தலையாய இடங்களுள் இதுவும் ஒன்று. செக்கானியா என்ற கரையின் நீளம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஆயினும் வளைகுடாவின் கூடுகளில் பாதிக்கு மேல் அங்கேதான் அமைகின்றன.

ஆமை கற்பிக்கும் பொறுமை

தாய் ஆமை கோடை இரவில் தனியே கரையேறும். வெளிச்சமோ மனித நடமாட்டமோ கண்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். மணல் சரியில்லை என்றாலும் திரும்பிவிடும். பின்னர் மறுபடி வரும். இப்படிப் பலமுறை ஏறியிறங்கி, இடம் பிடித்தபின், பின் துடுப்புகளால் அரை மீட்டர் அளவுக்குக் குழி தோண்டி நூறுக்கு மேற்பட்ட முட்டைகளை இடும். குழியை மூடி, மேலே மணலை வாரியிறைத்து இடத்தை மறைத்துவிட்டுக் கடலுக்குப் போய்விடும். குஞ்சுகளை அது பார்ப்பதே இல்லை.

சுமார் ஐம்பது முதல் அறுபது நாள் மணலின் சூடே முட்டைகளை அடைகாக்கிறது. அந்தச் சூட்டைப் பொறுத்தே குஞ்சு ஆணா பெண்ணா என்பதும் அமைகிறது. ஏறத்தாழ 29 டிகிரிக்கு மேல் போனால் பெண் குஞ்சுகள் மிகுதி. குறைந்தால் ஆண் குஞ்சுகள் மிகுதி. முட்டையை உடைத்து வெளிவந்த குஞ்சு தனியே மேலேறி வர இயலாது. உடன்பிறந்தவை அனைத்தும் சேர்ந்து அசைந்து அசைந்து, மேலிருக்கும் மணலைக் கீழே தள்ளி, சில நாட்கள் முயன்ற பிறகே மேற்பரப்பை அடைகின்றன. ஊர் கூடித் தேர் இழுப்பது போன்ற முயற்சி அது! மணல் குளிர்ந்த இரவு வேளையில் வெளியே வந்து, வெளிச்சம் தெரியும் திசை நோக்கி ஓடும். இயற்கையில் இரவில் வெளிச்சமாக இருப்பது கடலின் தொடுவானமே. விடுதிகளின் விளக்குகள் எரியுமிடத்தில் பாவம், அவை சாலையை நோக்கி ஓடி மடிகின்றன.

நான்கு சென்டிமீட்டர் நீளமே உள்ள அக்குஞ்சுகளில் வளர்ந்து தாயாவது ஆயிரத்தில் ஒன்றே என்பது பொதுவான மதிப்பீடு. அதற்கும் ஏறத்தாழ இருபது முதல் முப்பது ஆண்டுகள் ஆகும். இக்கணக்கைச் சற்றே மனத்தில் நிறுத்துங்கள். இருபது வயதில் ஒரு கூட்டைக் காத்த பெண், தான் காத்த குஞ்சு தாயாகிக் கரையேறும் காலத்தில் நாற்பத்தைந்து வயதினளாக இருப்பாள். அப்போது அவள் எந்த ஊரில் இருப்பாளோ! ஆகவே இத்தொண்டு ஒருவருடைய ஆயுளுக்குள் அடங்கும் தொண்டன்று. ஒருவர் தொடங்கி மற்றொருவர் கையில் ஒப்படைத்தாலன்றி இது நிலைக்காது.

இருவர் தொடங்கிய பணி

1977ஆம் ஆண்டு கோடையில் ஸாக்கிந்தோஸ் தீவுக்குச் சென்ற திமித்ரிஸ் மார்கரிதூலிஸ் என்பவரும் அவர் மனைவி அன்னாவும் லாகனாஸ் கரையில் ஆமைகள் முட்டையிடுவதைக் கண்டனர். தீவு மக்கள் அறிந்திருந்த செய்திதான். ஆயினும் விஞ்ஞான உலகம் அதன் அளவை அறிந்திருக்கவில்லை. அவர்கள் அத்துடன் நிற்காமல், ஆண்டுதோறும் வந்து கூடுகளை எண்ணிக் குறித்தனர். நண்பர்கள் சிலர் சேர்ந்தனர். 1983இல் கிரேக்கக் கடலாமைப் பாதுகாப்புச் சங்கம் உருவாயிற்று. ஆதிகாலத்தில் வாழ்ந்து மறைந்த மாபெரும் ஆமை இனம் ஒன்றின் பெயரால், அர்க்கெலோன் என்று இன்று அது அழைக்கப்படுகிறது.

தொடக்கத்தில் அவர்களிடம் பணமில்லை. சட்டத்தின் வலிமையும் போதவில்லை. இருந்தவை ஒரு குறிப்புப் புத்தகமும், விடியற்காலை எழுந்து நடக்கும் கால்களுமே. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். அந்தக் கல் தேய எத்தனை ஆண்டுகள் ஆயின பாருங்கள். 1994இல் உலக வனநிதியத்தின் கிரேக்கக் கிளை செக்கானியா கரையை ஒட்டிய நிலத்தை விலை கொடுத்து வாங்கியது. வளைகுடா தேசியக் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது 1999இல்தான். அதன் பிறகும் பாதுகாப்பு போதவில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2002 ஜனவரியில் கிரேக்க அரசுக்கு எதிராகத் தீர்ப்பு வழங்கியது. முதற் கூட்டை எண்ணிய நாளிலிருந்து பூங்கா அமையும் வரை கழிந்தவை இருபத்திரண்டு ஆண்டுகள்!

எதிர்ப்பும் அதன் நியாயமும்

இத்தனை தாமதம் ஏன்? ஊர் மக்களில் பலர் எதிர்த்தனர். அவர்களைத் தீயவர்கள் என்று எண்ணிவிடலாகாது. பூகம்பத்தில் எல்லாம் இழந்து எழுந்த குடும்பங்கள் அவை. தந்தை விட்டுச் சென்ற கடற்கரை நிலத்தில் நாலு அறை கட்டி வாடகைக்கு விடலாம் என்று எண்ணியிருந்தவரிடம், "இங்கே கட்டடம் கூடாது, இரவில் விளக்கு கூடாது, கரையில் குடை நடுவதற்கும் எல்லை உண்டு" என்று சொன்னால் அவர் மனம் எப்படியிருக்கும்? எவ்வளவு தூரத்திலுள்ள விடுதிக்காரர் லாபம் பெற, ஆமைக்கரை நிலத்துக்காரர் மட்டும் நட்டம் அடைவது நியாயமா என்று அவர்கள் கேட்டனர். நட்ட ஈடு பற்றிய வழக்கு நெடுங்காலம் நீடித்தது.

தொண்டர்கள் இக்கேள்வியை எதிர்கொண்ட விதமே நாம் கற்க வேண்டியது. சட்டத்தை நாடியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. விடுதி விடுதியாகச் சென்று பயணிகளுக்குப் படம் காட்டி விளக்கினர். பள்ளிக்கூடங்களுக்குச் சென்று தீவின் பிள்ளைகளிடம் பேசினர். ஆமையைக் காணவென்றே வரும் பயணிகளால் தீவுக்கு வருமானம் உண்டு என்பதைப் பொறுமையோடு எடுத்துக் காட்டினர். இன்று அக்கரைகள் சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை மூடப்படுகின்றன. வளைகுடாவின் ஒரு பகுதிக்குள் படகுகள் நுழையவே கூடாது. மற்றப் பகுதிகளில் ஆறு கடல் மைல் வேகத்திற்கு மேல் செல்லக் கூடாது. செக்கானியாவில் ஆராய்ச்சியாளர் தவிர வேறெவரும் கால் வைக்க அனுமதி இல்லை. மீறுவோரும் இருக்கிறார்கள். ஆகையால் சொல்லும் வேலையும் ஓய்வதில்லை.

கையைப் பிடித்துக் கற்பித்தல்

ஆண்டுதோறும் பல நாடுகளிலிருந்து நூற்றுக்கணக்கான இளைஞரும் இளம்பெண்களும் இச்சங்கத்தின் பணிக்கு வருகின்றனர். ஊதியம் கிடையாது. தங்குவது கூடாரத்தில், சமையல், பாத்திரம் கழுவுதல், முகாமைக் கூட்டுதல் எல்லாம் முறை வைத்துத் தாங்களே செய்ய வேண்டும். சில வாரங்களாவது தங்கினால்தான் சேர்த்துக் கொள்வர். ஏனெனில் வேலையைக் கற்கவே முதற் சில நாட்கள் ஆகிவிடும்.

புதியவர் எவரும் தனியே அனுப்பப்படுவதில்லை. அனுபவம் பெற்ற ஒருவருடன் விடியலில் கரையில் நடக்க வேண்டும். மணலில் ஆமை ஊர்ந்த தடம் பெரிய வண்டிச் சக்கரத் தடம் போலக் கிடக்கும். எது ஏறிய தடம், எது இறங்கிய தடம்? துடுப்பு மணலை எப்பக்கம் தள்ளியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். முட்டையிட்டதா, இடாமல் திரும்பியதா? மணல் வாரியிறைக்கப்பட்டிருக்கும் விதத்தைக் கண்டு அறிய வேண்டும். பிறகு விரல்களால் மெல்ல மெல்லத் தோண்டி முதல் முட்டை தட்டுப்பட்டதும் நிறுத்த வேண்டும். மீண்டும் மூடி, இடத்தை அளந்து குறித்து, மேலே கம்பிவலையோ மூங்கில் அடையாளமோ வைக்க வேண்டும்.

அலை எட்டும் இடத்தில் முட்டை இருந்தால் மேட்டுக்கு மாற்றுவர். அப்போது ஒரு விதியை மறக்கலாகாது. முட்டையை உருட்டக் கூடாது. மேற்புறம் மேலேயே இருக்க வேண்டும். இட்ட சில மணி நேரத்துக்குப் பிறகு கரு ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டிக்கொள்வதால், புரட்டினால் அது இறந்துவிடும். இதைப் புத்தகத்தில் படித்தவர் பலர் இருக்கலாம். எவ்வளவு மென்மையாக எடுப்பது என்பதைப் பழகிய கை செய்வதை அருகில் இருந்து பார்த்தால்தான் அறிய முடியும். சமையலறையில் அம்மா மாவு பிசையும் பதத்தைப் பக்கத்தில் நின்று நாம் கற்கவில்லையா? அதுபோலத்தான்.

குஞ்சுகள் வெளிவந்து சில நாட்களுக்குப் பின் கூட்டைத் தோண்டி எண்ண வேண்டும். வெறும் ஓடுகள் எத்தனை, பொரியாதவை எத்தனை, இறந்தவை எத்தனை என்று ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். அழுகிய முட்டையின் நாற்றத்தை முகஞ்சுளிக்காமல் தாங்க வேண்டும். யாரும் புகைப்படம் எடுத்துப் புகழாத வேலை அது. ஆனால் அந்த எண்கள்தாம் பின்னாளில் அரசின் முன்னும் நீதிமன்றத்தின் முன்னும் சான்றாக நின்றன.

இப்படிக் கற்றவர்களுள் சிலர் மறு ஆண்டும் திரும்பி வருகிறார்கள். அவர்களே அணித் தலைவர்களாகிப் புதியவர்களுக்குக் கற்பிக்கிறார்கள். நேற்றைய மாணவி இன்றைய ஆசிரியை. ஆத்தென்ஸ் நகருக்கு அருகே கிளிஃபாதாவில் 1994இல் தொடங்கப்பட்ட ஆமை மருத்துவ நிலையத்திலும் இதே முறைதான். பழைய இரயில் பெட்டிகளையே அறைகளாக்கி அமைத்த இடம் அது. தலையில் அடிபட்டும் தூண்டில் விழுங்கியும் வரும் ஆமைகளைத் தொட்டிகளில் வைத்து மாதக்கணக்கில் பேணுகிறார்கள். காயத்திற்கு மருந்திடுவதை மூத்தவர் செய்ய, இளையவர் பார்த்துக் கற்கின்றனர்.

மீனவர் துணை நின்ற தீவு

ஈஜியன் கடலில் அலோனிசோஸ் என்ற இன்னும் சிறிய தீவு உண்டு. அங்கே காக்கப்படுவது துறவி ஸீல் என்னும் கடல்விலங்கு. கழுத்து மடிப்புகள் துறவியின் அங்கியை நினைவூட்டியதால் இப்பெயர் வந்தது என்பர். மீனவரின் வலையைக் கிழித்து மீனைத் தின்னும் அவ்விலங்கை முற்காலத்தில் அவர்கள் கொல்வது வழக்கம். அதனைக் காக்க 1988இல் ஒரு சங்கம் தோன்றியது. 1992இல் அலோனிசோஸ் சுற்றுக் கடல் கிரேக்க நாட்டின் முதல் தேசியக் கடற்பூங்காவாயிற்று.

அங்கே திருப்பத்தை உண்டாக்கியவர்கள் அத்தீவின் சிறு மீனவர்களே. பூங்கா வந்தால் பெரிய மீன்பிடிக் கப்பல்களுக்குக் கட்டுப்பாடு வரும், தங்கள் மீன்வளமும் பிழைக்கும் என்பதை உணர்ந்து அவர்கள் ஆதரவு தந்தனர். அடிபட்ட ஸீலையோ தாயை இழந்த குட்டியையோ கண்டால் செய்தி அனுப்புபவர்களாக மாறினர். கடலின் குணத்தை வெளியூர்த் தொண்டருக்குக் கற்பிக்கத் தகுந்தவர் அந்த மீனவரை விட வேறு யார்? வழிகாட்டுபவர் எப்போதும் படித்தவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. மிக ஆபத்தான நிலையில் இருந்த இனங்களின் பட்டியலில் இருந்த அந்த ஸீல், 2015இலும் 2023இலும் படிப்படியாக ஆபத்துக் குறைந்த வகைக்கு மாற்றப்பட்டது.

கண்ணில் தெரிந்த பலன்

1980களின் தொடக்கத்திலிருந்து தொண்டர்கள் தாய் ஆமைகளின் துடுப்பில் எண் பொறித்த சிறு அடையாளத் தகடு மாட்டி வந்தனர். அவ்வாறு அடையாளமிட்ட ஆமைகளுள் சில முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே வளைகுடாவுக்கு முட்டையிட வந்திருக்கின்றன. அதைக் கண்டு குறித்தவர்களில் பலர், அத்தகடு மாட்டப்பட்ட நாளில் பிறந்தே இருக்கமாட்டார்கள். முன்னோர் எழுதிய ஏட்டில் பின்னோர் ஒரு வரி சேர்த்தனர். இதைவிட இனிய பரிசு தொண்டருக்கு உண்டோ?

2015இல் மத்தியதரைக் கடலின் பெருந்தலை ஆமைகளை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் குறைந்த ஆபத்துள்ள பிரிவில் சேர்த்தது. பாதுகாப்புத் தொடர்ந்தால் மட்டுமே இந்நிலை நீடிக்கும் என்ற எச்சரிக்கையும் உடன் வந்தது. கிரேக்கக் கரைகளில் முன்பு ஆண்டுக்கு ஐந்தாயிரம் முதல் ஏழாயிரம் வரை இருந்த கூடுகள், 2023இல் பத்தாயிரத்தைத் தாண்டின. ஒரு காலத்தில் காக்கப்பட்ட கூடுகளிலிருந்து சென்ற குஞ்சுகளே இன்று தாய்களாகத் திரும்பி வருகின்றன என்று அறிஞர் கருதுகின்றனர்.

ஆயினும் கவலை தீரவில்லை. உலகம் வெப்பமாகி வருவதால் மணலும் சூடேறிப் பெண் குஞ்சுகளே மிகுதியாகப் பிறக்கின்றன. லாகனாஸ் வளைகுடாவின் நடுவே உள்ள மாரத்தொனிசி என்ற சிறு தீவின் வெளிர்நிற மணல் மற்றக் கரைகளைவிடக் குளிர்ச்சியானது. அங்கே ஆண் குஞ்சுகள் அதிகம். அந்தச் சிறு திட்டு இப்போது பெருமதிப்புப் பெற்றுவிட்டது. ஆகவே காவல் இன்னும் பல தலைமுறைகளுக்குத் தேவை.

நம் கரையில்

இது தூரத்து நாட்டுக் கதை மட்டுமன்று. நம் சோழமண்டலக் கரைக்கும் ஜனவரி முதல் சிற்றாமைகள் முட்டையிட வருகின்றன. சென்னையில் 1970களின் தொடக்கத்திலேயே இயற்கை ஆர்வலர் சிலர் இரவில் கடற்கரையில் நடந்து கூடுகளைத் தேடினர். 1988 முதல் மாணவர்களே நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அப்பணியை ஏற்று, நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவு நடை நடந்து, முட்டைகளைப் பொரிப்பிடத்திற்குக் கொண்டு சேர்த்து வருகிறது. படிப்பு முடித்துச் செல்லும் மாணவர் அடுத்து வரும் மாணவருக்குக் கற்பித்துவிட்டுச் செல்வதால்தான் அது நிலைத்திருக்கிறது. ஸாக்கிந்தோஸ் கரையில் கண்ட அதே இரகசியம்!

அன்புத் தோழியரே, அசிசி நகர்ப் புனித பிரான்சிசைச் சுற்றுச்சூழலின் பாதுகாவலராகத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1979இல் அறிவித்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடல், இவ்வுலகம் நம் எல்லோருக்கும் பொதுவான இல்லம் என்று நினைவூட்டியது. இல்லத்தைப் பேணுவது ஒரு நாள் விழாவால் முடிவதில்லை என்பதை நம் தாய்மார் நன்கு அறிவர். விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் மற்றொருவர் என்பது நற்செய்தியில் நாம் கேட்டறிந்த உண்மையே.

நம் பள்ளியிலும் நாட்டு நலப்பணி, சாரணியர் இயக்கம், நோயாளர் சந்திப்பு எனப் பல தொண்டுகள் உண்டு. அவற்றில் மூத்த வகுப்பினர் இரண்டைச் செய்யலாம். தாம் செய்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள் தவறாமல் குறித்து வைக்கலாம். பள்ளியை விட்டுச் செல்லுமுன் கீழ் வகுப்புத் தங்கை ஒருத்தியையேனும் அருகே நிறுத்தி, வேலையின் பதத்தைக் கற்பித்துச் செல்லலாம். இளையவர்கள் கேட்டுக் கற்க வெட்கப்படாதிருக்கலாம். பெற்றோர் தம் மகள் விடியற்காலையில் எழுந்து ஒரு நற்பணிக்குப் புறப்படும்போது, "இதனால் என்ன கிடைக்கும்?" என்று கேளாமல் வழியனுப்பி வைக்கலாம்.

தாய் ஆமை தன் குஞ்சின் முகத்தைக் காண்பதில்லை. ஆயினும் பலமுறை கரையேறி நல்ல இடம் தேடி முட்டையிடுகிறது. தான் காணப்போகாத நன்மைக்காக இன்று உழைத்து, அந்த உழைப்பை அடுத்தவள் கையில் பத்திரமாகக் கொடுத்துச் செல்லும் மனத்தை இறைவன் நம் ஒவ்வொருவருக்கும் அருள்வாராக.